ஜூலிக்குப் போட்ட மாலை

11 ஜனவரி 2002, வெள்ளி

பனி. கதவைத் திறந்தால் புல் முழுக்கச் சீனி தூவி வைத்த மாதிரி வெள்ளை. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு. விரலால் குத்தி உடைத்து ஜூலிக்கு வைத்தேன். மூக்கை நனைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. மகாராணிக்கு வெந்நீர் கேட்கிறது. போய் அடுப்பு மூட்டினேன். வேறு வழி?

மேல் மலையில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டதாம். கோயிலடிச் செவ்வந்தியும் போச்சு என்று பேசிக் கொள்கிறார்கள்.

இந்த டயறி சுற்றிப் பார்க்க வந்த கொழும்பு நோனா ஒருவர் கொடுத்தது. டிசம்பரில் அவர் பிள்ளை ஜூலி மேல் ஏறிப் பயந்து கத்தி, பிறகு இறங்க மாட்டேன் என்று கத்தியது. இரண்டு கத்தலுக்கும் ஜூலி அசையவில்லை. அந்தச் சந்தோசத்தில் கொடுத்தார். இதில் தவிட்டுக் கணக்கு எழுதச் சொல்கிறார் இவர். மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தபோது எந்தப் பிள்ளை பால் குடித்தது, எது கக்கியது என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. இது எனக்கு மட்டும்.

செய்ய வேண்டியவை:
ஜூலிக்கு லாடம். முன் வலது கால் ஆடுகிறது.
தவிடு.
பச்சரிசி, வெல்லம், பயறு, புதுப்பானை.
ஜூலிக்கு மாலை.
இன்னொரு மாலை.

அந்தக் கடைசி வரியை இவர் பார்த்தால் குதிப்பார். இன்னொரு மாலை கிங்குக்கு. கிங் இவருடைய அண்ணனின் குதிரை. ஒரே லயத்து வரிசையில் சுவரை ஒட்டி அடுத்தடுத்த காம்பரா வீடு நாங்கள். பின்னால் ஒரே தொழுவம், ஜூலியும் கிங்கும் ஒன்றாக நின்றவை. போன ஏப்ரல் சீசனில் வாவிக்கரை வாசலில் சவாரிக்கு யார் குதிரை முன்னால் நிற்பது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றி, சட்டையைப் பிடித்து, பார்க்க வந்த சனமெல்லாம் குதிரையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தது. மறுநாளே தொழுவத்துக்கு நடுவில் தகரம் அடித்தாகிவிட்டது. ஆம்பிளைகள் அடித்த தகரம். அதற்கு இரண்டு பக்கமும் நானும் அண்ணன் பெண்சாதி பாக்கியம் அக்காவும் புல் அள்ளிப் போடுகிறோம், இருமல் சத்தம் கேட்கிறது, பேச்சு இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது குதிரைக்குப் பக்கத்தில் நிற்கவே பயம். கையைப் பிடித்து ஜூலியின் நெற்றியில் வைத்தவர் இந்த ஓரகத்திதான்.

எனக்கு அலுத்துவிட்டது. பொங்கலோடு இதை முடிக்கப் போகிறேன்.


13 ஜனவரி, ஞாயிறு

பனி குறைவு. வெயில் சுள்ளென்று.

கோயிலுக்குப் போனேன். பூசாரி அண்ணன் செடியெல்லாம் காட்டினார். செவ்வந்தி அவித்த கீரை மாதிரிக் கிடக்கிறது. மாலைக்கு வழியில்லை என்றார். நான் முகத்தைத் தொங்கப் போட்டதைப் பார்த்துவிட்டு, கினிகத்தேனையில் மகள் வீட்டு வாசலில் சிவப்பு அரளி பூத்துக் கொட்டுகிறது, பஸ்சில் போட்டுவிடச் சொல்கிறேன் என்றார். கீழ்நாட்டுப் பக்கம் பனி இல்லை அல்லவா. இரண்டு மாலைக்குப் பூ காணாது, இலையையும் நெருக்கி வைத்துக் கட்டுவாராம்.

“பச்சையும் செவப்புமா அம்சமா இருக்கும் தங்கச்சி. ஆத்தா கழுத்துல போட்டு எடுத்துத் தர்றேன்” என்றார்.

நல்லது என்று வந்துவிட்டேன். வந்ததும் இவரிடம் சொன்னேன். குதிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, “ஒன் இஷ்டம். நான் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்” என்றார். இந்த ஆளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இதுவே பெரிசு.

பயறு வாங்க மறந்துவிட்டது.


15 ஜனவரி, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. எங்களுக்குச் சோறு போடுகிற மாடு ஜூலிதான். ஒரு காலத்தில் ரேசில் ஓடிய குதிரை, வயசானதும் கழித்து விட்டார்கள், இவர் கொண்டு வந்தார். இப்போது வாவிக்கரையில் பிள்ளைகளைச் சுமக்கிறது. அது நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும். ஆகவே வருசா வருசம் மாட்டுக்குச் செய்கிறதெல்லாம் அதற்கு. குளிப்பாட்டு, மஞ்சள், குங்குமம். கொம்பு இல்லாததால் சாயம் பூச வழியில்லை என்று இவர் நாலு குளம்புக்கும் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டார். கொழும்புக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

மாலை நான் நினைத்ததை விட அழகு. தடிமனாக, இலையும் பூவும் மாறி மாறி. கழுத்தில் போட்டதும் ஜூலி தலையைத் திருப்பி ஒரு பூவைக் கடித்தது. கடித்த வேகத்தில் துப்பி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் காட்டியது. லயமே கூடி நின்று சிரித்தது. சாமி பிரசாதத்தையே துப்புகிற கொழுப்பு என்றார் இவர்.

பிறகு இரண்டாவது மாலையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனேன். அக்கா வாசலில் பானை கழுவிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் போன பிறகும்.

“கிங்குக்கு. ஆத்தா கழுத்துல போட்டது” என்றேன்.

“நீயா நெனச்சு வாங்குனியா, அவரு சொன்னாரா?” என்று கேட்டார். நானாகத்தான் என்றேன். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூத்தவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். போனால் போகட்டும்.

மத்தியானம் அக்கா வாழையிலையில் பொங்கல் கொண்டு வந்து ஜூலிக்கு ஊட்டினார். தகரம் அடித்த பிறகு முதல் தரம் எங்கள் பக்கம் கால் வைக்கிறார். ஜூலி அவரை மறக்கவில்லை, முந்தானையைப் பிடித்து இழுத்தது. அது எப்போதும் அப்படித்தான், முந்தானையில் கரட் முடிந்து வைத்திருப்போம் என்று தெரியும். அக்கா அழுதுவிட்டார். நானும்தான்.

மாலையைப் பொழுது சாயக் கழற்றினேன். சாமி கழுத்தில் கிடந்தது, கால்படுகிற இடத்தில் போடக் கூடாது. தொழுவத்தில் எங்கே வைத்தாலும் கால் படும், சாணி படும். புல்தொட்டிக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது, கடிவாளம் மாட்டுகிறது. அதில் மாட்டிவிட்டேன். அக்கா தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார், நீ எங்க மாட்டுன என்று. சொன்னேன். அவரும் அதே மாதிரி மாட்டினார். சத்தம் கேட்டது.

இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது.


17 ஜனவரி, வியாழன்

வாவிக்கரையில் ஆளே இல்லை. குளிர். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஜூலியைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்காவிடம் கறிவேப்பிலை கேட்டேன். தகரத்துக்கு மேலாலேயே கொடுத்தார். கறிவேப்பிலை என்னிடம் இருக்கிறது. கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டேன்.

லாடம் அடித்தாயிற்று. ஜூலி அடிக்கிறவரை முறைத்தபடியே நின்றது.

மாலை காய்ந்துவிட்டது, இலை சுருண்டு பூ கறுத்து. இவர் எடுத்துப் போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் விடுகிறேன், இரண்டு மாலையையும் சேர்த்து, அக்காவும் நானுமாகப் போய் என்றேன். இவர் சிரித்தார். ஏப்ரலுக்குள் அண்ணனோடு பேசுகிறேன், ஆளுக்கு அரைநாள் முன்னால் நிற்கலாம் என்று அவராகவே சொன்னார். காதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.


18 ஜனவரி, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையிலிருந்து மழை. ஜூலியைக் கொண்டு போகவில்லை, கட்டியே நின்றது. அக்கா ஒரு சட்டியில் தவிடும் வெல்லமும் பிசைந்து கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். நான் வீட்டு வேலையாக இருந்துவிட்டேன். மத்தியானம் புல் போடப் போனால் ஜூலி புல்லைத் தொடவில்லை. கரட் நீட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டது. கரட்டை வேண்டாம் என்று சொன்ன ஜூலியை நான் பார்த்ததே இல்லை. வியர்வை, இந்தக் குளிரில். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. சாணம் தண்ணீராக. காதைப் பிடித்தேன், வாளித் தண்ணீர் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

இவர் ஓடிப்போய்ப் போன் பண்ணினார். மிருக வைத்தியர் எங்கோ தோட்டத்தில் பசு கன்று போட முடியாமல் நிற்கிறதாம், அங்கே போய்விட்டார், விடிந்ததும் வருவார், படுக்க விடாமல் நடத்துங்கள் என்று சொன்னார்களாம். இவர் மழையில் பிடித்து நடத்துகிறார். அது நாலு அடி வைக்கிறது, நிற்கிறது.

இவர்தான் முதலில் கேட்டார். “காலையில அண்ணி என்னா குடுத்தாங்க?”

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது எனக்கு. சட்டியை எடுத்தேன். அடியில் தவிடு ஒட்டியிருந்தது. நேரே தகரத்துப் பக்கம் போனேன். அக்கா கிங்குக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என்னாத்தக் கலந்து குடுத்தீங்க? ஏப்ரலுக்கு வாசல்ல ஒங்க குதிரை மட்டும் நிக்கணும்னா நேராவே சொல்லியிருக்கலாமே. இந்தக் குதிரை ஒங்க முந்தானையப் புடிச்சு இழுத்துச்சே அக்கா.”

அக்காவின் கையில் வாளி சாய்ந்து தண்ணீரெல்லாம் அவர் கால் மேல் ஊற்றியது, அதுவும் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். மூத்தவர் வந்து, விஷம் வைக்கிற வீட்டுப் பக்கம் இனி வராதே என்று நிதானமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்த நேரம் நான் சொன்னது சரி என்றே நினைத்தேன். இப்போதும் வேறு என்ன நினைக்க? ஜூலி நிற்கிறது. கண் என் மேலேயே.


19 ஜனவரி, சனி

ஜூலி செத்துப் போச்சு.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சொல்.

டொக்டர் காலையில் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னை விடச் சின்ன வயசு, முழங்கால் வரை சேற்றுச் சப்பாத்து. இரவெல்லாம் தூங்காத முகம், எங்களைப் போலவே. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர் அப்படியே நின்றார். மறுபடி வைத்தார்.

“நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது. எப்ப தொடக்கம் இப்பிடி?” என்று கேட்டார். சொன்னோம். என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்றார். சட்டியை நீட்டினேன், நான் பத்திரமாக வைத்திருந்தேன், சாட்சிக்கு. முகர்ந்தார், விரலால் கிளறினார், தண்ணீர் விட்டுக் கரைத்துப் பார்த்தார்.

“இது வெறும் தவிடும் வெல்லமும். தவிட்டால வாற வேலை இல்லை இது. எங்கயோ ஒரு நச்சு இலை திண்டிருக்குது.”

சட்டி இன்னும் என் கையில்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூள் கரைத்து ஊற்றினார். ஊசி போட்டார். இடையிடையே கேள்வி. எங்கே மேய விடுகிறீர்கள், பக்கத்தில் என்ன செடி, யாரும் வேலி வெட்டிய குப்பை கொட்டினார்களா. குதிரைக்கு ஆகாதது எதுவெல்லாம் என்று இவர் கேட்க, அவர் கை வேலையை விடாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நினைவிருக்கிறதை எழுதுகிறேன்:

பன்னம், புல்வெளியில் கொழுந்து சுருட்டி நிற்குமே, அது.
நாயுண்ணி. (பாதை முழுக்க.)
மணி மாதிரித் தொங்குகிற ஊமத்தை. பங்களா வாசலில் எல்லாம்.
அசேலியா. பூங்காவில் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்களே, அந்தப் பூ.
ஆமணக்கு.
ஆனைக்கொய்யா இலை. நாங்கள் தின்கிற பழம், அதன் இலை அதற்கு ஆகாது.
உருளைக்கிழங்குச் செடி, பச்சையாகிப் போன கிழங்கு.
லீக்ஸ் கூட, நிறையத் தின்றால்.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டைச் சுற்றி இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மேலே கிழங்குத் தோட்டம், கீழே லீக்ஸ் பாத்தி, பாதையில் நாயுண்ணி. பூவைப் பார்க்கத்தான் கொழும்பிலிருந்து சனம் வருகிறது. ஜூலி இதற்கு நடுவில் இத்தனை வருசம் நடந்திருக்கிறது. எப்படி உயிரோடு இருந்தது என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

இவர் மேய்கிற இடத்துக்கு ஓடினார். பன்னம் இருந்தது, கடித்த தடம் இல்லை. குப்பையும் இல்லை. திரும்பி வருவதற்குள் ஜூலி முன்காலை மடித்தது. டொக்டர் தள்ளி நில்லுங்கள் என்றார். நான் தள்ளி நிற்கவில்லை. தலை என் மடியில் இருந்தது. கடைசியாக உதடு அசைந்தது, முந்தானைப் பக்கம்.

டொக்டர் கை கழுவப் போனவர் கழுவாமல் அப்படியே நின்றார். பிறகு, தொழுவத்தைக் கூட்டும்போது எந்த இலை கிடைத்தாலும் எடுத்து வை, திங்கட்கிழமை கொண்டு வந்து காட்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா இல்லை என்று தெரிந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு?


20 ஜனவரி, ஞாயிறு

வெயில். வெட்கம் கெட்ட வெயில்.

கிழங்குத் தோட்டத்துக்கு அப்பால் குழி. இவர் ஒரு ஆளாக வெட்டிக்கொண்டிருந்தார். மூத்தவர் தன் மண்வெட்டியோடு வந்தார். குழிக்குள் இறங்கி மறுபக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார். அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினார்கள். அக்கா வரவில்லை. கதவும் திறக்கவில்லை. கிங் மட்டும் தகரத்தை உதைத்துக்கொண்டே இருந்தது.

குளம்பில் பொங்கல் பெயின்ட் இன்னும் போகவில்லை. மண் போடும்போது கடைசியாகத் தெரிந்தது அதுதான்.

பின்னேரம் தொழுவத்தைக் கூட்டினேன். டொக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்து. புல், புல், புல். தொட்டிக்கு அடியில் ஒரு சுருண்ட இலை, பாதி கடித்தது. நீளமாக, ஈட்டி மாதிரி. எங்கேயோ பார்த்த இலை. நிமிர்ந்தேன்.

ஆணியில் வெறும் வாழைநார் தொங்குகிறது.

ஆற்றில் விட இருந்த மாலை. கால்படக் கூடாது என்று நான் மாட்டிய இடம் சரியாக ஜூலியின் வாய் உயரம். இதை எப்படி நான் பார்க்காமல் போனேன்? மழை நாளில் கட்டியே கிடந்த குதிரை, கண் முன்னால் காய்ந்த மாலை.

இவரிடம் காட்டினேன். அரளி விதை விஷம்தான், ஆனால் அது மஞ்சள் பூ மரம், இது சாமிக்குப் போடுகிற சிவப்புப் பூ, அன்றைக்கு அதுவாகத் துப்பியதே என்றார். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அம்மன் கழுத்தில் கிடந்தது எப்படி விஷமாகும்? இலையைக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். கை கழுவியும் கழுவியும் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

டொக்டர் வேறு ஏதோ சொல்லட்டும். எதையாவது.


21 ஜனவரி, திங்கள்

முதல் பஸ்சில் டவுனுக்குப் போனேன். டொக்டர் ஒப்பீஸ் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். கடதாசியைப் பிரித்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே.

“இது அலரி இலை எல்லோ. எங்க கிடந்தது?” அரளிக்கு அவர்கள் ஊரில் அலரி.

சொன்னேன். மாட்டுப் பொங்கல், மாலை, ஆணி, எல்லாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்த நிறப் பூ எண்டாலும் நஞ்சுதான் அக்கா. இலை, பூ, தடி எல்லாம். பச்சையா இருக்கேக்க கைக்கும், துப்பிப் போடும். காய்ஞ்சால் கைப்புக் குறைஞ்சிடும், நஞ்சு குறையாது. அதான் திண்டது.”

ஆக விஷம் வைத்தது நான். ஊரைக் கூட்டி, மஞ்சள் பூசி, சிரித்துக்கொண்டே கழுத்தில் போட்டேன். பிறகு புல்தொட்டிக்கு மேலே பக்தியாக மாட்டி வைத்தேன். நான்.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். டொக்டர் பின்னாலிருந்து கேட்டார்.

“வேற ஆரும் அந்த மாலை வாங்கினவையோ?”

கிங்.

அதற்குப் பிறகு நடந்தது ஒழுங்காக நினைவில்லை. பஸ்சைக் காணோம். த்ரீவீலில் ஏறி ஓட்டு, ஓட்டு என்று கத்தியிருக்கிறேன், அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டான். லயத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, இறங்கி ஓடினேன். தொழுவத்தில் அவர்கள் பக்கம் பூட்டு. தகரத்து ஓட்டையில் கண்ணை வைத்தால் இருட்டு, கிங்கின் மூச்சு மட்டும். நல்ல மூச்சா, கெட்ட மூச்சா தெரியவில்லை.

அக்காவின் கதவைத் தட்டினேன். இரண்டு கையாலும்.

“விஷம் வைக்கிற வீட்டுக்கு எதுக்கு வர்ற?” உள்ளே இருந்து.

“அக்கா, மாலை. கிங் மாலைய எடுங்க. தொட்டிக்கு மேல இருக்கிறத.”

பிறகு கதவு திறந்தது. அக்காவின் கண் இரண்டும் வீங்கி, தலை வாராமல். கொடுத்த மாலையைத் திருப்பி வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“அது இல்ல. நீ அன்னைக்கு அப்புடிக் கேட்டுட்டுப் போனியே, அந்தக் கையோட அத்துக் கக்கூஸ் குழியில போட்டேன். சாமி கழுத்துல கெடந்த மாலை. தெரிஞ்சேதான் போட்டேன். போ, போயி ஊரெல்லாம் சொல்லு.”

நான் அந்த இடத்திலேயே, வாசலில், சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்தேனா, அழுதேனா, என்னவோ ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. அக்கா பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமி குத்தம் எனக்குத்தானே வரணும், நீ ஏன் இப்புடிக் கெடக்குற என்றார். கையில் இருந்த கடதாசியைப் பிரித்துக் காட்டினேன். பாதி கடித்த இலை. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். தவிட்டில் ஒன்றும் இல்லை என்று சனிக்கிழமையே தெரியும், வெட்கத்தில் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அக்கா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நீ அன்னைக்கு என்னை அப்புடிப் பேசாம இருந்திருந்தா?”

அப்படிப் பேசிய நாக்கு அழுகிப் போக வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாக்கால்தான் கிங் உயிரோடு நிற்கிறது. மன்னிச்சிருங்க அக்கா என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

எழுந்துபோய்த் தொழுவத்தைத் திறந்தார். இரண்டு பேருமாகத் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினோம். கையாலேயே துழாவினோம், மூலை மூலையாக, ஒரு இலை விடாமல். ஒன்றும் இல்லை. ஆணியை அக்கா கல்லால் அடித்து அடித்துப் பிடுங்கினார். நான் எங்கள் பக்கத்து ஆணிக்கும் அந்தக் கல்லைக் கேட்டேன். கொடுத்தார்.

கிங் என் தோளுக்கு மேலே தலையை நீட்டியது. முந்தானையைப் பிடித்து இழுத்தது. அப்போதுதான் பார்க்கிறேன், கரட் முடிந்திருக்கிறது. ஜூலி இல்லாத காலையிலும் கை தானாக எடுத்து முடிந்திருக்கிறது.

அவிழ்த்துக் கையில் எடுத்தேன். நீட்ட முடியவில்லை. அடுத்தவர் குதிரைக்கு ஒன்று கொடுப்பது என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும்.

“குடுக்கவா அக்கா?” என்று கேட்டேன்.

அக்கா கரட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி, நுனியைக் கடித்து, நன்றாக மென்று விழுங்கினார். பிறகு மிச்சத்தைக் கிங்கின் வாயில் வைத்தார்.